‘பிப் இன்ஸ்டால்’ வெற்றி என்கிறது, சர்வர் மட்டும் படுத்துவிட்டது: குறியாக்க லைப்ரரி மோதலைச் சரிசெய்வது எப்படி?

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. உபுண்டு 20.04 ஓடும் சர்வரில் உங்கள் பைத்தான் ஸ்கிரிப்ட்டுக்கு ‘கிரிப்டோகிராஃபி’ என்ற பேக்கேஜின் புதிய பதிப்பு தேவைப்படுகிறது. ‘சுடோ பிப் இன்ஸ்டால்’ என்று ஒரு வரி அடிக்கிறீர்கள். ‘சக்சஸ்ஃபுல்லி இன்ஸ்டால்டு’ என்று பதில் வருகிறது. ஸ்கிரிப்ட்டும் ஓடுகிறது. அப்பாடா என்று லேப்டாப்பை மூடிவிட்டுக் கிளம்புகிறீர்கள்.

சில வாரங்கள் கழித்து, அதே சர்வரில் உள்ள இணையதளத்தைத் திறப்பவர்களுக்கு ‘இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்ற எச்சரிக்கை வருகிறது. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது. அதைத் தானாகப் புதுப்பிக்க வேண்டிய ‘செர்ட்பாட்’ என்ற நிரல், நீங்கள் அந்த வரியை அடித்த நாளிலிருந்தே ஓடவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

காட்சி கற்பனைதான். ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு படியும் நிஜத்தில் நடக்கக்கூடியது. ‘லிப் என்ற மாட்யூலில் இந்தப் பெயர் இல்லை’ என்று முடியும் பிழைச் செய்தியைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் நிறைய பேர். குறியாக்க லைப்ரரிகள் ஏன் இப்படி மோதிக்கொள்கின்றன? மோதினால் எங்கிருந்து பிரிக்கத் தொடங்குவது? எந்தக் குறுக்குவழி பின்னால் காலை வாரும்? பார்ப்போம்.

ஏன் இந்த லைப்ரரிகளில் மட்டும் இவ்வளவு தகராறு?

சாதாரண பைத்தான் பேக்கேஜ் என்பது பைத்தான் கோப்புகள்தான். குறியாக்க லைப்ரரி அப்படியல்ல, அது மாடி மேல் மாடி கட்டிய வீடு.

தரைத்தளத்தில் இருப்பது ஓப்பன்எஸ்எஸ்எல். சி மொழியில் எழுதப்பட்டது. இணையத்தில் பூட்டு அடையாளத்துடன் நடக்கும் பரிமாற்றங்களில் பெரும்பங்குக்கு அடியில் இருப்பது இதுதான். அதன் மேல் தளம், பைத்தானின் ‘கிரிப்டோகிராஃபி’ பேக்கேஜ். அதற்கும் மேலே ‘பைஓப்பன்எஸ்எஸ்எல்’. இந்த மேல்தளத்துக்குச் சொந்தமாக ஓப்பன்எஸ்எஸ்எல் கிடையாது. கீழே இருக்கும் ‘கிரிப்டோகிராஃபி’ வழியாகத்தான் அது தரைத்தளத்துக்கு இறங்குகிறது. எஸ்எஸ்ஹெச் இணைப்புக்கான ‘பாராமிகோ’, சர்வர் நிர்வாகத்துக்கான ‘ஆன்சிபிள்’ போன்றவையும் இதே ‘கிரிப்டோகிராஃபி’யைத்தான் நம்பியிருக்கின்றன.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு பைத்தான் நிரல் ஓடும்போது, ஒரு பெயரில் ஒரே ஒரு பதிப்பைத்தான் அது எடுத்துக்கொள்ளும். ஒரு காம்பவுண்டில் மூன்று குடித்தனம், தண்ணீர் மோட்டார் ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்காரர் தன் வசதிக்கு மோட்டாரை மாற்றினால், மற்ற இரண்டு வீட்டுக் குழாயிலும் அது தெரியும். ‘எனக்குப் புதுசு வேணும்’ என்று ஒரு பேக்கேஜும், ‘எனக்குப் பழசுதான் செட் ஆகும்’ என்று இன்னொன்றும் சொன்னால், அதுதான் டிபென்டென்சி மோதல்.

அந்த வெள்ளிக்கிழமை சர்வரில் நடந்தது என்ன?

உபுண்டு 20.04 தன் சொந்த ‘ஆப்ட்’ நிர்வாகி மூலம் ‘பைஓப்பன்எஸ்எஸ்எல்’ 19.0 பதிப்பையும், அதற்குப் பொருத்தமான ‘கிரிப்டோகிராஃபி’ 2.8 பதிப்பையும் தருகிறது. இரண்டும் ஒன்றாகச் சோதிக்கப்பட்ட ஜோடி.

‘சுடோ பிப் இன்ஸ்டால்’ அடித்தபோது புதிய ‘கிரிப்டோகிராஃபி’ வேறொரு கோப்புறையில், ‘யூஎஸ்ஆர் லோக்கல்’ பகுதியில் போய் உட்கார்ந்தது. பழையது அழியவில்லை. ஆனால் பைத்தான் தேடும் வரிசையில் ‘லோக்கல்’ பகுதி முதலில் வருகிறது. ஆக, அன்றிலிருந்து ‘கிரிப்டோகிராஃபி’ என்று யார் கேட்டாலும் புதியதே கிடைக்கும். ‘பைஓப்பன்எஸ்எஸ்எல்’ மட்டும் பழையதாகவே இருக்கிறது.

அந்தப் பழைய ‘பைஓப்பன்எஸ்எஸ்எல்’, கீழ்த்தளத்தின் உள் அறையில் சில பெயர்களைத் தேடுகிறது. புதிய ‘கிரிப்டோகிராஃபி’ பதிப்புகள் தங்களுக்குத் தேவைப்படாத பல பெயர்களை அங்கிருந்து நீக்கிவிட்டன. தேடியது கிடைக்காததால் பழையது அங்கேயே விழுந்துவிடுகிறது. அதை நம்பியிருந்த, ஆப்ட் மூலம் நிறுவிய செர்ட்பாட்டும் கூடவே விழுகிறது.

இதைவிட எரிச்சலான விஷயம், அந்த உபுண்டுவின் பிப் கருவியும் விழுவதுதான். பிப் இயங்கத் தொடங்கும்போது ‘பைஓப்பன்எஸ்எஸ்எல்’ இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் பேசாமல் நகர்ந்துவிடும். ஆனால் ‘இருக்கிறது, உடைந்திருக்கிறது’ என்ற நிலைமையை அது எதிர்பார்க்கவில்லை. ஆக, மோதலைச் சரிசெய்ய எந்தக் கருவியை எடுப்பீர்களோ, அதுவே இயங்காது.

பிப் முன்கூட்டியே எச்சரித்திருக்க வேண்டாமா? இங்கேதான் முக்கியமான நுணுக்கம். 19.0 பதிப்பு ‘எனக்கு இந்தப் பதிப்போ, அதற்கு மேலோ போதும்’ என்று கீழ் வரம்பை மட்டும்தான் அறிவித்திருந்தது. ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று சொல்லவில்லை. பிப் அறிவிப்பைத்தான் படிக்கும், உள்ளே இருக்கும் நிரலைப் படிக்காது. காகிதத்தில் எல்லாம் சரி, நிஜத்தில் எல்லாம் தப்பு. இந்த அனுபவத்துக்குப் பிறகு ‘பைஓப்பன்எஸ்எஸ்எல்’ 2022-இல் வந்த 22.1 பதிப்பிலிருந்து மேல் வரம்பையும் சேர்த்தே அறிவிக்கத் தொடங்கியது.

திரையில் தெரிவது என்ன? நான்கு முகங்கள்

‘டிபென்டென்சி பிரச்சினை’ என்று பொதுவாகச் சொன்னாலும், திரையில் அது நான்கு விதமாக வரும். எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

1. பிப் நிறுவ மறுக்கிறது. ‘ரெசல்யூஷன் இம்பாசிபிள்’ என்று சிவப்பில் நிற்கும். இரண்டு பேக்கேஜ்களின் நிபந்தனைகளும் ஒத்துப்போகவே முடியாது என்று அர்த்தம். பார்க்கப் பயமாக இருந்தாலும் நான்கில் இதுதான் நல்ல பிள்ளை, எதையும் உடைக்காமல் முன்பே சொல்லிவிடுகிறது. 2020 நவம்பரில் வந்த பிப் 20.3 பதிப்பிலிருந்துதான் பிப் இவ்வளவு கறாராக மாறியது. அதற்கு முன்பு முதலில் கண்ணில் பட்ட நிபந்தனையை எடுத்துக்கொண்டு போய்விடும்.

2. எச்சரித்துவிட்டு நிறுவிவிடுகிறது. ஏற்கெனவே இருக்கும் இன்னொரு பேக்கேஜுக்கு இது பொருந்தாது என்று சிவப்பில் சில வரிகள், அதற்குக் கீழே ‘சக்சஸ்ஃபுல்லி இன்ஸ்டால்டு’. நம்மில் பெரும்பாலானோர் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

3. நிறுவும்போது அமைதி, ஓடும்போது வெடிப்பு. நாம் பார்த்த சர்வர் இந்த வகை.

4. நிறுவும்போதே கம்பைலர் பிழை. ‘ரஸ்ட் இல்லை’, ‘ஓப்பன்எஸ்எஸ்எல் ஹெடர் கோப்பு இல்லை’ என்று பக்கம் பக்கமாக வரும். பெரும்பாலும் இது மோதலே அல்ல. உங்கள் கணினிக்குத் தயார் நிலையில் உள்ள ‘வீல்’ கோப்பு பிப்புக்குக் கிடைக்காததால், மூலநிரலிலிருந்து கட்ட முயல்கிறது. 2021 பிப்ரவரியில் வந்த ‘கிரிப்டோகிராஃபி’ 3.4 பதிப்பு, கட்டுவதற்கு ரஸ்ட் மொழிக் கருவிகள் தேவை என்று அறிவித்தபோது இதுதான் நடந்தது. பழைய பிப் வைத்திருந்தவர்களுக்குப் புதிய வகை வீல் கோப்பை அடையாளம் காணத் தெரியவில்லை. ஆல்பைன் லினக்ஸ் கன்டெய்னர்களுக்கு அப்போது வீலே இல்லை. ரஸ்ட்டைத் தேடி ஓடும் முன் பிப்பைப் புதுப்பித்துப் பாருங்கள். பல நேரங்களில் அதோடு வேலை முடிந்துவிடும்.

சரி, இப்ப என்ன பண்றது?

முதல் விதி: ‘சுடோ’வைக் கீழே வையுங்கள். பதற்றத்தில் அடிக்கும் அடுத்த மூன்று கமாண்டுகள்தான் பிரச்சினையைப் பெரிதாக்கும்.

எந்த பைத்தான், எந்த பிப்? ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான் இருப்பது சகஜம். வெறுமனே ‘பிப்’ என்று அடித்தால் எது பதில் சொல்கிறது என்று நிச்சயமில்லை. ‘பைத்தான்3 -எம் பிப்’ என்று அடிக்கும் பழக்கத்துக்கு வாருங்கள். எந்த பைத்தானைக் கூப்பிட்டீர்களோ அதன் பிப்தான் ஓடும். அதனோடு ‘வெர்ஷன்’ கேட்டால், பிப் எந்தக் கோப்புறையிலிருந்து வருகிறது என்பதையும் காட்டும்.

எங்கிருந்து வருகிறது? ‘பிப் ஷோ கிரிப்டோகிராஃபி’ அடித்தால் பதிப்பு எண், இருக்கும் இடம், அதை நம்பியிருக்கும் பேக்கேஜ்கள் ஆகிய மூன்றும் வரும். பிப்பே ஓடாவிட்டால், பைத்தானைத் திறந்து ‘கிரிப்டோகிராஃபி’யை இம்போர்ட் செய்து அதன் கோப்புப் பாதையை அச்சிடுங்கள். ‘பைஓப்பன்எஸ்எஸ்எல்’ ஒரு கோப்புறையிலும் ‘கிரிப்டோகிராஃபி’ வேறொரு கோப்புறையிலும் இருந்தால், குற்றவாளி அநேகமாகச் சிக்கிவிட்டார்.

யார் கேட்டது? ‘பிப் செக்’ அறிவிக்கப்பட்ட முரண்களைக் காட்டும். ‘பிப்டெப்ட்ரீ’ என்ற சிறு கருவியைத் தலைகீழ் வரிசையில் ஓட்டினால், ‘கிரிப்டோகிராஃபி’யை எந்தெந்த பேக்கேஜ் என்ன நிபந்தனையுடன் கேட்கிறது என்பது மரமாக விரியும். ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். நாம் பார்த்த சர்வரில் ‘பிப் செக்’ ஓடியிருந்தாலும் ‘பிரச்சினை இல்லை’ என்றுதான் சொல்லியிருக்கும். அது பச்சைக்கொடி காட்டிவிட்டது என்பதற்காக விசாரணையை மூட வேண்டாம்.

கீழே இறக்காதீர்கள், மேலே ஏற்றுங்கள். பழைய பேக்கேஜுக்காகப் புதியதைக் குறைப்பதற்கு முன், பழையதை உயர்த்த முடியுமா என்று பாருங்கள். இரண்டு பெயரையும் ஒரே கமாண்டில் கொடுத்து அப்கிரேட் செய்யுங்கள். தனித்தனியாகக் கொடுத்தால் பிப் ஒவ்வொன்றையும் தனியாக யோசிக்கும். சேர்த்துக் கொடுத்தால்தான் இரண்டுக்கும் பொருந்தும் ஜோடியைத் தேடும்.

புதிதாகக் கட்டுங்கள். இதெல்லாம் ‘வென்வ்’ என்ற தனிச் சூழலுக்குள் நடக்க வேண்டும். ஒரு புராஜெக்ட்டுக்கு ஒரு வென்வ் என்றால், அந்தக் குடித்தனத்துக்குத் தனி மோட்டார் என்று பொருள். குழம்பிப்போன வென்வ்வை மணிக்கணக்கில் ஒட்டுப்போடுவதைவிட, அழித்துவிட்டு முதலில் பிப்பைப் புதுப்பித்து, பிறகு மற்றவற்றை நிறுவுவது வேகமானது.

பிப்பே படுத்துவிட்ட சர்வரில்?

இங்கே ஒரு பிரபலமான குறுக்குவழி உண்டு. சிஸ்டம் கோப்புறைக்குள் போய், ஆப்ட் வைத்த ‘ஓப்பன்எஸ்எஸ்எல்’ பைத்தான் கோப்புறையை அழித்துவிடுவது. பிப் உடனே உயிர்பெறும். ஆனால் செர்ட்பாட் போல அந்தக் கோப்புறையை நம்பியிருக்கும் நிரல்கள் நிரந்தரமாக முடங்கும். ஆப்ட்டுக்கு அது தெரியவே தெரியாது.

நீங்கள் கொண்டுவந்து வைத்ததை நீங்களே எடுப்பதுதான் சரியான வழி. ‘சுடோ’ போட்டு நிறுவியிருந்தால் ‘யூஎஸ்ஆர் லோக்கல்’ பகுதியிலும், போடாமல் நிறுவியிருந்தால் உங்கள் ஹோம் கோப்புறைக்குள் ‘டாட் லோக்கல்’ பகுதியிலும் புதிய ‘கிரிப்டோகிராஃபி’ கோப்புறையும், அதே பெயரில் தொடங்கும் ‘டிஸ்ட்-இன்ஃபோ’ கோப்புறையும் இருக்கும். அவற்றை அகற்றினால் பைத்தான் மறுபடி ஆப்ட் தந்த பழைய ஜோடிக்குத் திரும்பும். பிப்பும் எழுந்துவிடும், செர்ட்பாட்டும் எழுந்துவிடும். பிறகு உங்கள் ஸ்கிரிப்ட்டுக்கு ஒரு வென்வ் அமைத்து, புதிய பதிப்பை அதற்குள் நிறுவுங்கள். கடைசியாக, செர்ட்பாட்டைச் சோதனை ஓட்டமாக ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

புதிய டெபியன் 12, உபுண்டு 24.04 ஆகியவற்றில் இந்த விபத்து எளிதில் நடக்காது. சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் நிறுவப் பார்த்தால், ‘இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல்’ என்று தடுத்துவிடும். அதை மீறவும் ஒரு ஆப்ஷன் இருக்கிறது. அதன் பெயர் ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’. சிஸ்டத்தை உடைக்கப் போகிறாய் என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறமும் அடித்தால் நம் பொறுப்பு.

‘பழைய வெர்ஷனைப் போடு, ஓடும்’: இதில் என்ன தப்பு?

தேடினால் முதலில் கிடைக்கும் தீர்வு பெரும்பாலும் இதுதான்: ‘கிரிப்டோகிராஃபி’யைப் பழைய எண்ணில் பின் செய்துவிடுங்கள். ஓடும், பொய்யில்லை. ஆனால் நிறுத்தி வைப்பது சாதாரண லைப்ரரியை அல்ல, வாசல் பூட்டை.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. பிப் தரும் ‘கிரிப்டோகிராஃபி’ வீல் கோப்பு, தனக்கான ஓப்பன்எஸ்எஸ்எல்லைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கிறது. உங்கள் இயங்குதளத்தின் ஓப்பன்எஸ்எஸ்எல் வேறு. அதாவது ஒரே சர்வரில் இரண்டு ஓப்பன்எஸ்எஸ்எல் வாழ்கின்றன. ஆப்ட் அப்கிரேட் செய்தால் இயங்குதளத்தில் உள்ளதுதான் புதுப்பிக்கப்படும். வீலுக்குள் இருப்பது அசையாது. அதைப் புதுப்பிக்க ஒரே வழி, ‘கிரிப்டோகிராஃபி’ பேக்கேஜையே உயர்த்துவது.

2022 நவம்பர் 1 அன்று இரண்டு பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்து ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0.7 வெளியானது. அதே நாளில் அதை உள்ளே வைத்து ‘கிரிப்டோகிராஃபி’ 38.0.3 வெளியானது. 38.0.2-இல் பின் செய்து வைத்திருந்தவர், இயங்குதளத்தை எத்தனை முறை புதுப்பித்திருந்தாலும் அந்தத் திருத்தம் அவருக்கு வந்திருக்காது.

2014 ஏப்ரலில் வெளியான ‘ஹார்ட்பிளீட்’ ஓட்டை நினைவிருக்கலாம். சர்வரின் நினைவகத்தில் இருப்பதை வெளியாட்கள் படிக்க முடிந்த பிழை அது. ஓப்பன்எஸ்எஸ்எல்லில் திருத்தம் உடனே வந்துவிட்டது. யார் எவ்வளவு சீக்கிரம் அதைத் தங்கள் சர்வரில் ஏற்றினார்கள் என்பதுதான் கேள்வியாக இருந்தது.

இந்தப் பழக்கம் பைத்தானில் மட்டும் இல்லை. 2021 அக்டோபரில் நோட்ஜேஎஸ் 17 பதிப்பு ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கு மாறியதும், பழைய எம்டி4 முறையைப் பயன்படுத்திய வெப்பேக் 4 புராஜெக்ட்டுகள் பில்ட் ஆகாமல் நின்றன. ‘லெகசி புரொவைடர்’ என்ற ஒரு ஆப்ஷனைச் சேர்த்தால் ஓடும் என்பது வேகமாகப் பரவியது. தற்காலிகமாகச் சேர்த்த அந்த வரி, இன்றைக்கும் உங்கள் டீமின் ஏதோ ஒரு பில்ட் ஸ்கிரிப்ட்டில் இருக்கிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

வேறு வழியே இல்லாமல் பின் செய்யத்தான் வேண்டும் என்றால், ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பில் அந்த வரிக்கு மேலேயே காரணம், தேதி, எந்த பேக்கேஜ் மாறினால் இதை எடுக்கலாம் என்ற மூன்றையும் எழுதுங்கள். காரணம் எழுதாத பின்னை அடுத்து வருபவர் தொடப் பயப்படுவார். அப்படியே ஐந்து வருடம் ஓடிவிடும்.

பெயர் ஒன்று, ஆள் வேறு

கடைசியாக ஒரு விசித்திர வழக்கு. ‘பைகிரிப்டோ’ என்ற பழைய லைப்ரரியின் கடைசிப் பதிப்பு 2013-இல் வந்தது. அதன் பிறகு பராமரிப்பு நின்றுவிட்டது. அதன் இடத்தைப் பிடித்த ‘பைகிரிப்டோடோம்’, பழைய நிரல்கள் மாறாமல் ஓட வேண்டும் என்பதற்காக அதே ‘கிரிப்டோ’ என்ற கோப்புறைப் பெயரையே பயன்படுத்துகிறது. பிப்புக்கு இவை இரண்டு தனி பேக்கேஜ்கள், எனவே மோதல் என்று சொல்லாது. ஆனால் இரண்டையும் நிறுவினால் ஒன்றின் கோப்புகள் மேல் இன்னொன்றின் கோப்புகள் விழும். ஒன்றை அன்இன்ஸ்டால் செய்தால் மற்றதும் ஊனமாகும். தீர்வு எளிது: இரண்டையும் நீக்கிவிட்டு, ‘பைகிரிப்டோடோம்’ மட்டும் மறுபடி நிறுவுங்கள். பழையதை எந்த பேக்கேஜாவது இன்னும் இழுத்துக்கொண்டு வந்தால், அந்த பேக்கேஜையே மாற்றும் நேரம் வந்துவிட்டது.

இது உங்கள் வேலையா, செக்யூரிட்டி டீம் வேலையா?

இந்தியாவில் இந்தக் கேள்விக்கு இப்போது சட்டப் பரிமாணமும் இருக்கிறது. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான ‘செர்ட்-இன்’ 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி, பட்டியலிடப்பட்ட இணையப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 2024 அக்டோபரில், ஒரு மென்பொருளுக்குள் என்னென்ன லைப்ரரி, எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பட்டியல் வைத்திருப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகளையும் அது வெளியிட்டது. ‘நம்ம சர்வர்ல எந்த ஓப்பன்எஸ்எஸ்எல் ஓடுது?’ என்று நள்ளிரவில் மேனேஜர் கேட்டால், தேடிச் சொல்கிறேன் என்பது பதிலாகாது.

அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ‘பிப்-டூல்ஸ்’, ‘போயட்ரி’, ‘யூவி’ போன்ற ஏதாவது ஒன்றின் மூலம் எல்லாப் பதிப்புகளையும் ஒரு லாக் கோப்பில் பதிவு செய்யுங்கள். அந்தக் கோப்பை மாதம் ஒருமுறையாவது வேண்டுமென்றே புதுப்பித்து டெஸ்ட்டுகளை ஓட்டுங்கள். ‘பிப்-ஆடிட்’ கருவியை பில்டில் சேர்த்தால், அறியப்பட்ட ஓட்டை உள்ள பதிப்பு இருந்தால் அதுவே சொல்லிவிடும். மாதாமாதம் ஒரு படி ஏறினால் மோதல் வந்தாலும் ஒன்றிரண்டுதான் வரும். மூன்று வருடம் சேர்த்து வைத்து ஒரே இரவில் ஏற முயன்றால், நான்கு முகங்களும் ஒன்றாக வந்து நிற்கும்.

சிவப்பு எழுத்தில் மறுப்பு வந்தால், அது பிப் உங்களுக்குச் செய்யும் உதவி. நிதானமாகப் படியுங்கள். ‘சக்சஸ்ஃபுல்லி’ என்று வந்த பிறகுதான் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். முக்கியமாக, வெள்ளிக்கிழமை மாலையில்.